கோகிலா விறகுப் படத்தை ஒட்டிய இடம்

அன்று அந்த வகுப்பறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீ அப்படி இல்லை, இப்படி இல்லை என்று மழுப்பக் கூடாது. நீ இருந்தாய். தலைமையாசிரியை இருந்தார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர், இன்னொருவர் கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தவர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர். இருபத்தேழாவது பிள்ளைக்கு அம்மை போட்டிருந்ததால் வரவில்லை. பின்சுவரோரம் பெஞ்சில் தாய்மார் ஐந்து பேர். அதில் ஒருத்தி கோகிலாவின் அம்மா அஞ்சலை. அவள் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, நான். சத்துணவு சமைக்கிற அம்மா கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் சாமி வேடியப்பனை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆனால் அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வகுப்பில் எனக்குப் பிள்ளை கிடையாது. நீ கூப்பிட்டாய் என்றுதான் வந்தேன். "யம்மா, ஆபீசருங்க வந்து நான் பாடம் எடுக்கறத்தப் பாக்கப் போறாங்க. நீயும் வந்து பாரேன்" என்று முதல் நாள் போனில் சொன்னாய். அன்று கிருத்திகை. பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல், பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, புதூர்நாட்டு ஜீப்பில் முன்சீட்டு கேட்டு வாங்கி உட்கார்ந்து வந்தேன். வழியில் ஏறியவர்களிடமெல்லாம் என் பிள்ளை பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். இப்போது அதே ஜீப்பில் ஏறக் கூசுகிறது.

இந்தக் கடிதத்தை நான் உறைக்குள் போட்டு ஒட்டவில்லை. ஒரு பிரதி உனக்கு. இன்னொன்று பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க. "பெத்த புள்ளைய சந்தியில நிக்க வெக்கறியேடி" என்று உன் அப்பா நேற்று முழுக்க முணுமுணுத்தார். "அவன் அந்தப் பொண்ண நிக்க வெச்சது மட்டும் வூட்டுக்குள்ளயா?" என்று கேட்டேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எல்லோருக்கும் முன்னால் நீ சொன்ன சொல்லுக்கு, எல்லோருக்கும் முன்னால்தான் நான் எழுத முடியும்.

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது, அதையும் சொல்கிறேன். சுவரில் இரண்டு பெரிய தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தாய். பச்சைத் தாளில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றும், கறுப்புத் தாளில் புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்றும் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு படம். சூரியன், காற்றாடி, அணைக்கட்டு, சாணி எரிவாயு, நிலக்கரி, பெட்ரோல், சிலிண்டர். ஒவ்வொருவராக வந்து, படத்தை எந்தத் தாளில் ஒட்ட வேண்டுமோ அதில் ஒட்டி, ஏன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சூரியன் வைத்திருந்த பையன், "இது தீராது சார், மழைக்காலத்துல லீவு போடும், அவ்ளோதான்" என்றதும் கண்ணாடிக்காரரே சிரித்துவிட்டார். எனக்குப் பசி கூடத் தெரியவில்லை. அஞ்சலையின் தொடையில் இடித்து, "பாத்தியா, எப்படி நடத்தறான்" என்றேன். "சார் சொன்னா புள்ளைங்களுக்கு அப்படியே மண்டையில ஏறுதுக்கா" என்றாள் அவள். அந்தச் சொல்லை நீ நினைவில் வைத்துக்கொள்.

கோகிலாவுக்கு வந்தது விறகுப் படம். அவள் எழுந்து போனாள். பச்சைத் தாளைப் பார்த்தாள், கறுப்புத் தாளைப் பார்த்தாள், இரண்டும் சேருகிற கோட்டின் மேல், பாதி இங்கே பாதி அங்கே என்று படத்தை வைத்துப் பசையை அழுத்தித் தேய்த்தாள். "இன்னா இது?" என்றாய். "சார், வெறகு ரெண்டுத்துலயும் வரும் சார். தூரோட எடுத்தா..." என்று அவள் ஆரம்பித்தாள். நீ முடிக்க விட்டாயா? போன்காரர் படம் எடுக்கிறார், பாடம் தப்பாகப் போகிறது என்ற பயம் உன் முகத்தில் எனக்குத் தெரிந்தது. நான் பெற்ற முகம் அது. "புக்குல ரெண்டு பக்கந்தான் கீது. நடுவுல ஒட்டறதுக்கு நீ இன்னா பெரிய விஞ்ஞானியா?" என்றாய். படத்தைப் பிய்த்தாய். அது பாதி உன் கையில் வந்தது, பாதி சுவரிலேயே நின்றது. அதோடு விட்டிருக்கலாம். அவள் அங்கேயே நின்றாள் என்பதற்காக, "போ, போய் உக்காரு. நீ வெறகு பொறுக்கத்தான் லாயக்கு" என்றாய்.

வகுப்பு சிரித்தது. அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை. அதிகாரிகள் சிரிக்கிறார்கள், என் பிள்ளைக்குப் பேர் கிடைக்கிறது என்று எனக்கும் வாய் தானாகப் பிளந்தது. சிரித்து முடித்துத் திரும்பினால் அஞ்சலை தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொடுவாள் காய்ப்பு. என் கையிலும் அதே இடத்தில் அதே காய்ப்பு உண்டு. அந்தக் கையால் உடைத்த விறகில் வெந்ததைத் தின்றுதான் நீ ஆசிரியர் பயிற்சி படித்தாய்.

மறுநாளிலிருந்து கோகிலா பள்ளிக்கு வரவில்லை. உனக்கு அது தெரியும், வருகைப் பதிவேட்டில் கோடு போடுகிறவன் நீதான். ஒரு வாரம் கழித்து ரேஷன் கடையில் அஞ்சலையைப் பார்த்தேன். புள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "உடம்புக்கு இன்னாக்கா, நல்லாத்தான் கீறா. பூசம் முடிஞ்சதும் நாங்க மெளகு தோட்டத்துக்குப் போறோம் இல்ல, அவளயும் இட்னு போறோம்" என்றாள். ஒவ்வொரு வருஷமும் அவளைத் தாய்மாமன் வீட்டில் விட்டுவிட்டுத்தானே போவீர்கள், பரீட்சை இருக்கிறதே என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சாரே சொல்ட்டாரே, வெறகு பொறுக்கத்தான் லாயக்குன்னு. அதுக்கு எதுக்குக்கா பரீட்சை?" உன் வாயால் வந்தது அப்படியே அந்த வீட்டின் மண்டையில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோகிலா உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். "நில்லும்மா, நான் சார் இல்ல" என்றேன். "சாரோட அம்மாதானே" என்றாள். நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "அன்னிக்கி நீ இன்னா சொல்ல வந்தம்மா?" என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வெயிலு, காத்து எல்லாம் நாம எவ்ளோ எடுத்தாலும் கொறையாது. வெறகு அப்பிடி இல்ல. ஒரு முழம் வுட்டு வெட்டுனா மறுபடி துளுக்கும். வேரோட தூரத் தோண்டிட்டா அவ்ளோதான், கல்லுக்கரி மாதிரிதான், நம்ம ஆயுசுக்குத் திரும்ப வராது. அதான் நடுவுல ஒட்டுனேன். எங்கம்மா சொல்லிக்குது, அந்த மொட்டச் சரிவப் பாத்து."

எந்த மொட்டைச் சரிவு தெரியுமா? நம்முடையது. நம் பட்டா நிலத்துக்கு மேலே இருக்கிற துரிஞ்சி மரங்கள் நின்ற சரிவு. இதுவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நம் பக்கத்தில் விறகு வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. தரையிலிருந்து ஒரு முழம் விட்டு, மழைத் தண்ணீர் தேங்காமல் வழிகிற மாதிரி சாய்த்து வெட்டுவோம். வெட்டிய மரத்துப் பக்கம் நாலு வருஷத்துக்குக் கொடுவாளை எடுத்துப் போக மாட்டோம். அதற்குள் அது கை தடிமனுக்குக் கிளைகள் நாலைந்து விட்டிருக்கும். இந்த வருஷம் இந்தச் சரிவு, அடுத்த வருஷம் அந்தச் சரிவு என்று மாற்றி மாற்றிப் போவோம். இதற்கு யாரும் பச்சைத் தாளில் பேர் எழுதி ஒட்டவில்லை. உன் கல்யாணம் வந்தது. மூன்று வேளை சாப்பாடு, பெரிய அண்டா, செங்கத்திலிருந்து வந்த சமையல்காரர். "கெள வெறகு பர்ருனு எரிஞ்சி அடங்கிடும்மா. வேர்க்கட்டை இருந்தா நின்னு எரியும்" என்றார் அவர். நானும் சரி என்றேன். தூர் தோண்ட ஆள் விட்டேன். அந்த ஆட்களில் ஒருத்தி அஞ்சலை. நாலு வயசுக் கோகிலாவை மர நிழலில் உட்கார வைத்துவிட்டுக் கடப்பாரை போட்டாள். இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "யக்கா, வேர எடுத்தா அப்பறம் துளுக்காதுக்கா. பாதியோட வுட்டுடலாமா?" என்று கேட்டாள். "கல்யாண வூடுடி. ஒரு தடவதானே" என்றேன். சரிவு முழுக்கத் தோண்டிவிட்டோம். அடுத்த மழையில் மேல் மண் ஓடிவந்து நம் சாமைக்கொல்லையை மூடியது. சரிவில் இன்றுவரை ஒரு குச்சி இல்லை.

நான் நோட்டு வைத்திருப்பதைப் பார்த்து நீ கேலி செய்வாய். சிலிண்டர் மாட்டிய நாள், தீர்ந்த நாள், விறகுக்குப் போன நாள், எந்தப் பக்கம் போனேன், எப்போது வீடு திரும்பினேன் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். அன்று கோகிலா வீட்டிலிருந்து வந்ததும் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். உன் கல்யாணத்துக்கு முந்திய பக்கங்களில், மாடு கறந்துவிட்டுப் போய் கூழ் காய்ச்சும் நேரத்துக்குள் திரும்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒவ்வொரு வருஷமும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. போன மழைக்காலத்தில் ஜீப் வராமல் சிலிண்டர் கிடைக்காதபோது எழுதியிருப்பது: போனது விடிந்ததும், வந்தது உச்சி சாய்ந்து. இது என் எழுத்து, நீ வேண்டுமானால் வந்து பார். புத்தகத்தில் விறகு பச்சைத் தாளில் இருக்கலாம். என் நோட்டில் அது வருஷா வருஷம் கறுப்புத் தாளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்து நடுக்கோட்டில் ஒட்டியிருக்கிறாள். நீ அதைப் பிய்த்துப் போட்டாய்.

உன்னைத் திட்டும்போது என் கையையும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. எனக்குப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மீதி எல்லாம் உன் புத்தகங்களில் எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது இதே பாடம் வந்தது. நான் கேள்வி கேட்க, நீ பதில் சொல்ல, பரீட்சைக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நிலக்கரி என்றேன். புதுப்பிக்க இயலாதது என்றாய். மரம் என்றேன். புதுப்பிக்கத்தக்கது என்றாய். பிறகு நிறுத்தி, "யம்மா, கரி கூட பழைய மரந்தான்னு மேல போட்டிருக்குது. அப்ப மரம் மட்டும் எப்படி இந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாய். எவ்வளவு நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, "புக்குல இன்னா போட்டுக்குதோ அத்த எழுதுடா, பெரிய மேதாவி" என்றேன். நீ எழுதினாய். முழு மார்க்கும் வாங்கினாய். நான் வேடியப்பனுக்குப் பொங்கல் வைத்தேன். அதற்கப்புறம் நீ அந்த மாதிரி எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் வைத்த குட்டைத்தான் நீ கோகிலாவுக்கு வைத்தாய் என்று உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாதியைத்தான். நான் எழுத்துக் கூட்டுகிறவள். நீ படித்துப் பட்டம் வாங்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்றே வேலையில் உட்கார்ந்திருக்கிறவன். எனக்குத் தெரியாமல் போனது உனக்கும் தெரியாமல் போகலாம், அது குற்றமில்லை. தெரியாது என்பதை மறைக்க ஒரு பிள்ளையை மிதித்தாய் பார், அதுதான் குற்றம்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் உனக்குச் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி. கோயில் பக்கத்தில் சூரிய விளக்கு நட்டார்கள், உனக்குத் தெரியும். முதல் வருஷம் பளிச்சென்று எரிந்தது. பேட்டரி போனதும் யாரும் வந்து மாற்றவில்லை. இப்போது அந்தக் கம்பத்தில் பொம்பளைகள் துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வெயில் தீரவில்லை, விளக்கு தீர்ந்துபோனது. பிள்ளைகளை அந்தக் கம்பத்தடிக்குக் கூட்டிப் போய், தீராதது எது, தீர்ந்தது எது, ஏன் என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். நம் சரிவுக்குக் கூட்டிப் போ. ஒரு முழம் விட்டு வெட்டிய மரம் பக்கத்துக் கொல்லையில் தழைத்து நிற்கிறது, நாங்கள் தோண்டிய குழி இந்தப் பக்கம் கிடக்கிறது. இரண்டையும் பார்த்த பிள்ளைக்குத் தாளும் பசையும் எதற்கு? "இந்தக் குழி எங்க அம்மா தோண்டுனது" என்று நீயே சொல். எனக்கு அவமானமில்லை. ஒரு பொருள் தீருமா தீராதா என்பதில் பாதி அந்தப் பொருளில் இருக்கிறது. பாதி எடுக்கிறவர் கையில் இருக்கிறது. பாடத்தில் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டால், காட்டை அழித்தவள் விறகு பொறுக்குகிறவள்தான் என்று பிள்ளைகள் கடைசியில் படித்துவிட்டுப் போவார்கள். அதைத்தானே அன்று வகுப்பு சிரித்துக்கொண்டே படித்தது.

போனில் இதைச் சொல்ல எனக்குத் தெரியாமலா? சொன்னேன். "யம்மா, அது ஒரு சின்ன விசயம். அப்பிடியே மறந்துடுவாங்க. எனக்கே வேலூருக்கு மாத்தல் வந்துடுச்சி, இந்த மாசக் கடைசியோட கெளம்பறேன். இதுல போய் ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டா ஊரு சிரிக்கும்" என்றாய். ஊர் ஏற்கெனவே சிரித்துவிட்டதுடா நைனா, நீதான் சிரிக்க வைத்தாய். நான் மேலே பேசுவதற்குள் வண்டி ஓட்டுகிறேன் என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரி எடுத்து, "குளிக்கறாரு அத்த" என்றாள். மூன்று தடவையும் குளித்துக்கொண்டிருந்தாய்.

வேலூருக்குப் போ. அங்கே வேறு பிள்ளைகள், வேறு வகுப்பு. உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் அது வசதி, எனக்குத் தெரியும், நான் தடுக்கவில்லை. ஆனால் இதை இப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. தைப்பூசத்துக்கு மறுநாள் விடியலில் தோட்டத்து ஜீப் வருகிறது. அதில் கோகிலா ஏறினால் பரீட்சை முடிந்துதான் திரும்புவாள். அதற்கப்புறம் ஒன்பதாவதில் யார் அவளை உட்கார வைக்கப் போகிறார்கள்? அடுத்த வருஷமும் ஜீப் வரும், அதற்கடுத்த வருஷம் கல்யாணம் பேசுவார்கள். என் கூடப் பிறந்தவளுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு வாக்கியம், அதுவும் சொன்ன உனக்கே ஞாபகமில்லாத ஒரு வாக்கியம், ஒரு பெண்ணின் பள்ளிக்கூடத்தை மூடிவிடும். அலுவலகத்து ஆட்களுக்கும் அது சிரிப்போடு போயிற்று.

உனக்குப் பதிலாக நான் போய் அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டேன். கூடச் சிரித்ததற்கும் கேட்டேன், தூர் தோண்டச் சொன்னதற்கும் கேட்டேன். "நீ எதுக்குக்கா கேக்கற, நீ இன்னா பண்ண" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோகிலாவைப் பள்ளிக்கு அனுப்பு என்று கேட்டேன். அஞ்சலை மகளைப் பார்த்தாள். கோகிலா சொன்னாள்: "சார் வந்து, எல்லாரு முன்னாடியும், நான் ஒட்டுனது தப்பு இல்லன்னு சொன்னா வர்றேன். இல்லன்னா வர்ல." அவள் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, கவனித்தாயா? அவள் ஒட்டியது சரி என்று மட்டும் சொன்னால் போதும். உன் மானத்துக்கு அவள் கேட்கிற விலை அவ்வளவுதான். நான் சொன்னால் அவள் ஏற்க மாட்டாள். தலைமையாசிரியை சொன்னாலும் ஏற்க மாட்டாள். எந்த வாய் சொன்னதோ அந்த வாய்தான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மலை மேலே நம் ஊருக்கு வா. முதலில் அஞ்சலை வீட்டுக்குப் போ. நம் வீட்டுக்கு அப்புறம் வரலாம். திங்கட்கிழமை அந்த இருபத்தேழு பேரும் இருக்கிற வகுப்பில், அன்று வந்த தாய்மாரையும் கூப்பிட்டு வைத்து, கோகிலா சொன்னதைக் கோகிலாவையே முழுக்கச் சொல்ல விடு. பிறகு நீ சொல். அலுவலகத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உன் மனசு. நான் பின்பெஞ்சில் வந்து உட்காருவேன். அன்று கட்டிய புடவையையே கட்டிக்கொண்டு வருவேன்.

பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஞாயிறு வருகிறாயா, இல்லையா என்பதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுது. போனில் வேண்டாம். ஒரு வரி போதும்.

அம்மா